இரண்டு பேர் இருக்கும் வளவு வீட்டில் 560 யூனிட் எங்கே போகிறது?

செட்டிநாட்டில் பள்ளத்தூர் பக்கம், நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பூர்வீக வளவு வீட்டில் ஆத்தாவும் அப்பச்சியும் மட்டும் இருக்கிறார்கள், நீங்கள் வெளியூரில். மழைக்காலத்தில் ஏசி போடுவதே இல்லை, அப்போதும் இரண்டு மாதத்துக்கு 560 யூனிட். சித்திரை, வைகாசியில் 720. போன வருடம் பழைய ஏசியைக் கழற்றிவிட்டு ஐந்து நட்சத்திர ஏசி மாட்டியும் பில் பெரிதாக அசையவில்லை. அடுத்து பிரிட்ஜை மாற்றவா, ஃபேன்களை மாற்றவா, சோலார் போடவா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி எதை வாங்குவது என்று இருந்தாலும், உங்களுக்கு முதலில் தெரியவேண்டியது கரண்ட் எங்கே போகிறது என்பது. அது தெரிந்துவிட்டால் வாங்கவேண்டிய சாமான் அநேகமாகக் குறைந்துவிடும்.

நான் மின்பொறியியல் படித்தவன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் வயரிங் வேலையும் மோட்டார் வேலையும் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். உங்கள் வீட்டைப் பார்க்காமல் குற்றவாளி இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. கோடைக்கும் மழைக்கும் வித்தியாசம் 160 யூனிட்தான். அதில் ஏசியும் வரும், கூடுதலாக ஓடும் ஃபேனும் வரும், வெயிலில் அதிகம் உழைக்கும் பிரிட்ஜும் வரும். மீதி 560 யூனிட் ஏசியைத் தொடாமலே ஆகிறது, அதாவது ஒரு நாளைக்கு ஒன்பது யூனிட்டுக்கு மேல். ஏசியை மாற்றியும் பில் இறங்காததற்குக் காரணம் புது ஏசி மோசம் என்பதில்லை. மொத்தத்தில் ஏசியின் பங்கே சிறியது.

இனி மனதில் வைக்கவேண்டிய ஒரு கணக்கு. ஒரு சாமான் இரவும் பகலும் நிற்காமல் ஒரு வாட் எடுத்தால் அறுபது நாளில் 1.44 யூனிட். நூறு வாட் என்றால் 144 யூனிட். இரண்டு கிலோவாட் கீசர் தினமும் கால் மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட்தான். பெரிய சாமானைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆனால் நம் வீடுகளில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் சின்னதாக, சத்தமில்லாமல், இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிற சாமான்கள். உங்கள் வீட்டிலும் அங்கேதான் முதலில் தேடச் சொல்வேன்.

அளப்பதற்கு முதல் கருவி மீட்டர் பெட்டியிலேயே இருக்கிறது. இப்போதுள்ள எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சடித்திருக்கும். 3200 என்று இருப்பதை அதிகம் பார்த்திருக்கிறேன், 1600, 6400 என்றும் உண்டு, மும்முனை மீட்டரில் வேறாக இருக்கலாம். கைபேசியில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு பத்து மினுக்கலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். முதல் மினுக்கலைப் பூஜ்யம் என்று எண்ணித் தொடங்கவேண்டும். 3200 மீட்டர் என்றால் 11,250ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எடுக்கும் வாட் கிடைக்கும். பத்து மினுக்கலுக்கு 75 விநாடி ஆனால் 150 வாட். 1600 மீட்டர் என்றால் 22,500ஐ வகுக்கவேண்டும், 6400 என்றால் 5,625ஐ. இந்தக் கணக்கை நம்பலாம், பில்லுக்கான யூனிட்டும் இந்த மினுக்கலும் மீட்டரின் ஒரே அளவையிலிருந்துதான் வருகின்றன.

இதை முதலில் செய்யவேண்டிய நேரம் விடியற்காலை. ஃபேன், லைட், டிவி, ஏசி எல்லாம் நிறுத்தி, வீட்டில் ஓடும் இரண்டு பிரிட்ஜின் பிளக்கையும் பத்து நிமிஷம் எடுத்துவிட்டு எண்ணுங்கள். எல்லாம் அணைத்தாயிற்று என்று நினைக்கும்போதும் வீடு எத்தனை வாட் எடுக்கிறது என்பது தெரியும். முப்பது வாட்டுக்குள் இருந்தால் நல்லது. 150 வாட் வந்தால் இரண்டு மாதத்துக்கு 216 யூனிட், யாரும் எந்த ஸ்விட்சையும் தொடாமலே. அப்பச்சிக்கு மீட்டர் பெட்டி வரை போய்க் குனிந்து பார்ப்பது சிரமம் என்றால், பக்கத்துப் பையன் யாரையாவது ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே எண்ணிவிடலாம்.

அந்த அடிச்சுமை அதிகம் என்று தெரிந்தால், ட்ரிப்பர்களை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்சிபி ஸ்விட்சுகளை) ஒவ்வொன்றாக இறக்கி எது இறங்கும்போது மினுக்கல் மெதுவாகிறது என்று பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சாமான்கள் நான்கைந்துதான். ஒன்று சிசிடிவி. தேக்குக் கதவும் பித்தளைச் சாமானும் இருக்கும் வீட்டில், பாதிக் கட்டு பூட்டிக் கிடக்கும்போது, கேமரா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எட்டுக் கேமராவும் ஹார்டு டிஸ்க் பெட்டியும் சேர்ந்து 40, 50 வாட் வரை எடுக்கும், அதாவது 60 முதல் 70 யூனிட். அது பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை என்று தெரிந்தே கொடுங்கள். அடுத்தது சாமி அறையிலும் பட்டாலையிலும் நாள் முழுக்க எரியும் ஜீரோ வாட் பல்பு. பெயர்தான் ஜீரோ. பழைய இழை பல்பு என்றால் 12 முதல் 15 வாட் எடுக்கும். இரண்டு எரிந்தால் 40 யூனிட். அரை வாட் எல்இடி பல்பு மாட்டினாலே அந்த இடத்துக்குப் போதும். அப்புறம் ரிமோட்டில் மட்டும் அணைக்கும் செட்டாப் பாக்ஸ், யாரும் பயன்படுத்தாதபோதும் ஓடும் மோடம், இருவரும் தூங்கிய பிறகும் முகப்பில் விடிய விடிய எரியும் ஃபோகஸ் லைட்.

இவை எல்லாவற்றையும் விட நான் அதிகம் சந்தேகப்படுவது இன்வெர்ட்டர் பேட்டரியை. நல்ல நிலையில் உள்ள பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறியபின் மிகக் கொஞ்சமே எடுக்கும். இன்வெர்ட்டரின் சொந்தச் செலவையும் சேர்த்துப் பத்திலிருந்து இருபத்தைந்து வாட்டுக்குள் நிற்கவேண்டும். ஐந்தாறு வருடம் ஆன பேட்டரியில் ஒரு செல் கெட்டிருந்தால் சார்ஜ் முடிந்ததாகவே ஆகாது. உள்ளே போகும் கரண்ட் சூடாகவும் ஆவியாகவும் போய்க்கொண்டே இருக்கும். கையை வைத்தால் வெதுவெதுப்பு, அமில வாடை, டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி ஊற்றவேண்டியிருப்பது, கரண்ட் போனால் அரை மணி நேரம்கூட தாங்காதது ஆகிய அறிகுறிகள் சேர்ந்து இருந்தால் அநேகமாக அதுதான். அளக்கும்போது ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். இன்வெர்ட்டரின் பிளக்கில், அடுத்து பிரிட்ஜுக்குச் சொல்லப்போகும் பிளக் எனர்ஜி மீட்டரை வைத்தால், அதன் வழியாக ஓடும் ஃபேன், லைட் கணக்கும் சேர்ந்து வரும். இன்வெர்ட்டர் லைனுக்கான ட்ரிப்பரை இறக்கிவிட்டு, கரண்ட் போய் வந்த உடனே அளக்காமல், முழுதாகச் சார்ஜ் ஆன பின் அளக்கவேண்டும். அப்போதும் அறுபது வாட்டுக்கு மேல் நின்றால் பேட்டரிக்காரரைக் கூப்பிடுங்கள். இந்த அறுபது என்பது என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட எல்லை, எந்த விதிப் புத்தகத்திலும் இருப்பதில்லை.

பிரிட்ஜுக்கு மீட்டர் மினுக்கல் போதாது, ஏனென்றால் கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும். சுவர் பிளக்குக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் மாட்டும் பிளக் எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்குங்கள். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு மூன்று நாள் விட்டு, யூனிட்டை நாளால் வகுங்கள். டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) வைத்து ஆம்பியர் பார்த்து 230ஆல் பெருக்கிச் சொல்வார்கள். பிரிட்ஜ், மோட்டார் போன்றவற்றில் அந்தக் கணக்கு உண்மையைவிட அதிகமாகக் காட்டும், நம்பவேண்டாம். இப்போது விற்கும் 250 லிட்டர் பிரிட்ஜின் லேபிளில் வருடத்துக்கு 200 முதல் 250 யூனிட் என்ற அளவில் எழுதியிருக்கும், நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குள். நம் ஊர்ச் சமையல்கட்டுச் சூட்டில் கொஞ்சம் கூடும். பதினைந்து இருபது வருடம் ஆன இரட்டைக் கதவு பிரிட்ஜ் இரண்டு யூனிட் எடுப்பதைச் சாதாரணமாகப் பார்க்கிறேன். மாற்றும் முன் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கேஸ்கட் போய்விட்டது, அது சில நூறு ரூபாய் வேலை. சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னால் இழுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் முதல் கேள்வி இரண்டாவது பிரிட்ஜ். விசேஷத்துக்கும் படைப்புக்கும் உறவு கூடும்போது உதவும் என்று இரண்டாம் கட்டில் ஒரு பழைய பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இன்று என்ன இருக்கிறது என்று ஆத்தாவிடம் கேளுங்கள். மாவுப் பாத்திரமும் நாலு பாட்டில் தண்ணீரும் என்றால் அவற்றை முன் பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, துடைத்துக் காயவைத்து, கதவை லேசாகத் திறந்து வைத்து அணைத்துவிடலாம். கூட்டம் வரும்போது முதல் நாள் போட்டால் போதும். இதில் மட்டும் 100 யூனிட்டுக்கு மேல் குறைய வாய்ப்பு இருக்கிறது. இன்சுலின் போன்ற மருந்து எதில் இருக்கிறது என்று கேட்காமல் எந்த பிரிட்ஜையும் அணைக்கவேண்டாம்.

கொஞ்சம் குறைத்தால் பில் நிறையக் குறையுமா என்ற சந்தேகத்துக்கு, படி விலை எப்படி ஏறுகிறது என்று பார்க்கவேண்டும். 2024 ஜூலையில் வந்த தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணப் பட்டியலில் 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65. முதல் 100 யூனிட் இலவசம். அதற்குப் பின் மாற்றம் வந்திருந்தால் உங்கள் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் படிப்படியாக ஏறும் முறை இதுதான். நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் உச்சிப் படியிலிருந்து கழியும். 500ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளில் கிடைக்கும் சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே மழைக்காலத்து 560ஐ 500க்குக் கீழே கொண்டுவருவதுதான் உங்கள் முதல் இலக்கு. அதற்கு வேண்டிய 60 யூனிட், அடிச்சுமையில் வெறும் 42 வாட்.

ஏசி பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் வீடுகளுக்கும் ஏசிக்கும் பொருத்தம் குறைவு. இந்த வீடுகள் காற்று ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் நேர்கோட்டில், நடுவே திறந்த முற்றம், தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, உயர்ந்த கூரை. அதே காரணத்தால் வளவைச் சுற்றியுள்ள அறையில் ஏசி போட்டால் பதினான்கு அடி உயரத்துக் காற்றையும் குளிர வைக்கவேண்டும், மேலே உள்ள வெண்டிலேட்டர் வழியாகவும் கனமான கதவின் இடுக்கு வழியாகவும் குளிர் போய்க்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் ஏசி மிச்சப்படுத்துவது, அறை குளிர்ந்தபின் வேகத்தைக் குறைத்து ஓடும்போதுதான். ஒழுகும் அறையில் அந்த நேரமே வராது. லேபிளில் உள்ள வருட யூனிட் 1600 மணி நேர ஓட்டத்துக்கு, குறிப்பிட்ட சோதனை நிலையில் போட்ட கணக்கு. உங்கள் அறையில் அது பொருந்துகிறதா என்று பார்க்க, ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து மினுக்கலை எண்ணி, ஏசியை நிறுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள். ஒன்றரை டன் ஏசி இன்னும் 1,300, 1,400 வாட்டிலேயே நின்றால் அறை மூடவில்லை என்று அர்த்தம். வெண்டிலேட்டருக்குக் கண்ணாடி போட்டு, கதவடிக்கு ரப்பர் பட்டை ஒட்டி, 26இல் வைத்து மெதுவாக ஃபேன் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் குறையும் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. ஒழுகும் அறையிலும் அதே அளவு குறையும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

கத்திரி வெயிலில் வயதானவர்களிடம் ஏசியைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்து யூனிட்டுக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது. வீட்டின் சூடு குறைவதற்கு வழி இருந்தால் அதைச் செய்யலாம். முற்றத்துக்கு மேல் மழைக்கும் குரங்குக்கும் பயந்து பாலிகார்பனேட் ஷீட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இப்போது நிறைய வீடுகளில் போட்டுவிட்டார்கள். மேலே ஏறும் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் வளவிலேயே தங்கிவிடுகிறது. ஷீட்டை ஒன்றரை இரண்டு அடி தூக்கி, நான்கு பக்கமும் வலையடித்துத் திறந்துவிட்டால் மாலையில் வித்தியாசத்தை உடம்பே சொல்லும். எனக்கு இந்த வீடுகளில் மிகவும் வருத்தம் தரும் மாற்றம் இது. பணம் செலவழித்துக் காற்றை அடைத்துவிட்டு, அப்புறம் ஏசிக்குப் பணம் கட்டுகிறோம்.

மோட்டாரை மறக்கக்கூடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்கு மேல்தான் எடுக்கும். இரண்டு பேருக்குத் தினமும் அரை மணி நேரம் ஓடினால் அதிகம். அதற்கு மேல் ஓடினால் தண்ணீர் எங்கோ போகிறது. ராத்திரி மேல்தொட்டி மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். பூட்டிய கட்டில் உள்ள கழிப்பறை ஃபிளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகி, ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் நள்ளிரவில் மோட்டாரைப் போடுவது இப்படிப்பட்ட வீடுகளில் நடக்கக்கூடியது, யாருக்கும் கேட்பதும் இல்லை. தொட்டி நிரம்ப முன்பு ஆன நேரத்தைவிட இப்போது அதிகம் ஆகிறதா என்றும் அப்பச்சியைக் கேளுங்கள். கிணற்று மோட்டார் என்றால் புட்வால்வையும், போர் என்றால் நீர்மட்டத்தையும் குழாயையும் பார்க்கவேண்டியிருக்கும்.

ஃபேன் கணக்கு நேரானது. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் குறையும். அவர்கள் உட்காரும் இடம், படுக்கும் இடம் என்று இரண்டை மட்டும் மாற்றுங்கள், பூட்டிய அறை ஃபேன்களைத் தொடவேண்டாம். பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் லைன் கொடுக்கவேண்டும். ரிமோட் தொல்லை என்றால் சுவர் ஸ்விட்சிலேயே வேகம் மாற்றும் மாடலாக வாங்குங்கள். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷினைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவை ஓடும் நேரம் குறைவு. பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் பவர் சேவர் பெட்டிகள் வீட்டுக்கு எந்தப் பயனும் தராது.

இவ்வளவும் அளந்து கூட்டிப் பார்த்தும் மீட்டர் கணக்கோடு ஒத்துவராமல் நாளைக்கு ஒன்றிரண்டு யூனிட் உதைத்தால், வயரிங்கைப் பார்க்கவேண்டும். உங்கள் வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து இரண்டு சர்வீஸ் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். பங்கு பிரித்தபோது பேஸ் வயரைத் தனியாக இழுத்துவிட்டு, நியூட்ரலை ஏதோ ஒரு பழைய ஜங்ஷன் பெட்டியில் ஒன்றாகவே விட்டுவிடுவது உண்டு. இப்போதைய ஒருமுனை மீட்டர்கள் பல, பேஸ், நியூட்ரல் இரண்டையும் அளந்து எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். அடுத்த பங்கின் கரண்ட் உங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்பினால் அதையும் நீங்கள் கட்டுவீர்கள். மரக் கேசிங்கில் ஓடும் பழைய வயர் மழைக்காலத்தில் ஈரச் சுவரில் கசிந்தாலும் அந்தக் கணக்கு உங்களுடையதே. சோதனை இதுதான்: மெயினை ஆனில் வைத்து உங்கள் ட்ரிப்பர்களை எல்லாம் இறக்குங்கள். மினுக்கல் முழுதாக நிற்கவேண்டும். அடுத்த பங்கில் மோட்டாரோ கிரைண்டரோ போடும்போது உங்கள் மீட்டர் மினுக்கினாலோ, எர்த் லீக்கேஜைக் காட்டும் விளக்கு எரிந்தாலோ, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். சீல் வைத்த பக்கம் மின்வாரியத்துடையது, அதைத் தொடவேண்டாம். கசிவு இருக்கும் வீட்டில் பில்லைவிட ஷாக் அடிக்கும் ஆபத்து பெரியது, கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் அதை உடனே மாட்டுங்கள். மீட்டரே வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம், ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் தப்பு மீட்டருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது.

சோலார் நல்லதுதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் பலகை நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். ஆனால் இப்போதே போட்டால் கெட்ட பேட்டரிக்கும் காலி பிரிட்ஜுக்கும் சேர்த்துப் பலகை வாங்குவீர்கள். அடுத்த ரீடிங் எடுத்த மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மீட்டர் எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதட்டும். இரண்டாம் வாரம் பழைய பிரிட்ஜை அணையுங்கள், மூன்றாம் வாரம் பேட்டரியைப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை யூனிட் இறங்கியது என்று தனித்தனியாகத் தெரியும். அந்த எண்களையும், மீட்டரில் அச்சடித்த மினுக்கல் எண்ணையும், விடியற்காலை எண்ணிய விநாடியையும் இங்கே எழுதுங்கள். எத்தனை கிலோவாட் பலகை போதும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.